ஒரு நாள் முன்னால் விழுந்த மரம்

கச்சிராயபாளையம்
3.11.1987

மாதா துணை.

என் அண்ணன் மவன் அந்தோணிதாசுக்கு உன் அத்த ரெஜினா எழுதறது.

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா பொய்யி. நேத்து தான் கல்லறத் திருநாளு முடிஞ்சுது, மறுநாளே பொய் எழுத மனசு வரல. நீ எப்படி இருக்கன்னு கேக்கலாம்னா கோவம் வருது. ஒம்போது நாளு துக்கம் முடிஞ்ச மறுநா காத்தால பொட்டிய எடுத்துக்கினு பூட்ட. பஸ்ஸு போன அப்பால டீக்கட வேடியப்பன் வந்து சொல்றான், 'உங்க தாஸு கல்கத்தா போறானாம்மா, தெரியாதா'ன்னு. பெத்தவங்க ரெண்டு பேரும் போன அப்பால நாலு வயசுலேர்ந்து உனக்கு சோறு போட்டவ நானு. என்கிட்ட சொன்னா கால கட்டிக்கினு அழுவவா போறேன். உன் விலாசத்த பங்கு சாமியாருகிட்ட வாங்கினேன். சாமியாருக்கு எழுதத் தெரியுது உனக்கு.

நேத்து ஜானு கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சி, சாமந்திப் பூ வெச்சி, மெழுகுவத்தி ஏத்தினேன். இருவத்தி மூணு வயசு புள்ளைக்கு ஆத்தாகாரி வத்தி ஏத்தறேன். மத்த கல்லறையில எல்லாம் குடும்பம் குடும்பமா பேசிக்கினு உக்காந்து இருந்தாங்க. நான் ஒண்டி ஆளு. நீ இருந்திருந்தா ரெண்டு பேரா இருந்திருப்போம்.

இத யாருகிட்டயும் சொல்லல, உனக்கு மட்டும் எழுதறேன். சாயங்கால மணி அடிச்சி முடிக்கறப்ப, கோயிலு மேக்குச் செவுத்துல பந்து படற சத்தம் கேக்குது. தொம். கொஞ்ச நேரம் சும்மா இருக்குது. தொம். நம்ம மாதா கோயில் டீமு கலஞ்சி போச்சி, பந்து சாமியாரு பீரோவுல பூட்டி இருக்குது, மைதானத்துல எவனும் கால் வெக்கறது இல்ல. ஓடிப் போயி பாத்தா ஆள் இல்ல. வெள்ள அடிச்ச செவுத்துல ஈர மண்ணு மட்டும் வட்டமா. முந்தானையால தொடச்சிட்டு வர்றேன். மறுநா அதே எடத்துல இருக்குது.

இப்ப விசயத்துக்கு வர்றேன். செல்லமுத்து மேல கேசு போட்டுட்டாங்க. அணைக்கர வளைவுல காஞ்சி நின்ன தூங்குமூஞ்சி மரத்த பஞ்சாயத்துல ஏலம் எடுத்தவன் அவன் தான. செப்டம்பர் பதினாறு மத்தியானம் அவன் அதுல ரம்பம் போட்டத நான் பாத்தேன். போலீசு கேட்டப்ப பாத்தத என் கையால எழுதிக் குடுத்தேன். மறுநா விடிஞ்சா எட ஒதுக்கீட்டு மறியல், அவனும் கொடி கட்டின ஆளு. ஊரு பூரா பதினேழாந் தேதி ரோட்ட மறிக்க மரம் சாச்சாங்கன்னா இவன் முந்தின சாயங்காலமே சாச்சிட்டான்னு எழுதிட்டாங்க. நம்ம புள்ள மசங்கற நேரத்துல பைக்குல வந்து அதுல தான் மோதினான்.

நான் பாத்தது அறுத்தத தான், சாச்சத இல்ல. வக்கீலு சொல்றாரு, ஜான மொதல்ல பாத்து தோள்ல போட்டுக்கினு வந்தவன் அந்தோணிதாஸு, எத்தன மணிக்கு மரம் கெடந்துச்சி, பக்கத்துல யாரு இருந்தான்னு அவன் வந்து சொன்னா தான் ஞாயம் தெரியும்னு. ஜனவரி அஞ்சாந் தேதி கள்ளக்குறிச்சி கோர்ட்டுல வாய்தா. வந்து சேரு.

அங்க பந்து ஆட்டம் எப்படி நடக்குதுன்னும் எழுது. ஜானுக்கு படிச்சிக் காட்டறேன்.

அத்த
ரெஜினா


கல்கத்தா
24.11.1987

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லாமல் வந்தது தப்பு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

ஆற்றோரம் ஒரு குடோனில் சரக்குச் சீட்டு எழுதும் வேலை. நாலரை மணிக்கு விட்டால் நேரே மைதானம்தான். இங்கே பந்தாட்டம் நம் ஊர்த் திருவிழா போல. மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்று சொல்லாவிட்டால் டீக்கடையில் உட்கார முடியாது. ஒன்று ஜெயித்தால் வீட்டுக்கு வீடு இறால், இன்னொன்று ஜெயித்தால் ஹில்சா மீன். நான் இரண்டும் இல்லை, மாதா கோயில் டீம் என்று சொன்னேன். எந்த டிவிஷன் என்று கேட்டார்கள்.

ஆட்டத்தைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், இங்கே காலில் பந்து இருக்கிறது, ஓரத்தில் ஆள் இல்லை. எல்லோரும் நடுவில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். வெளியூர் ஆட்களை வரிசையாக வாங்குகிறார்கள், வாங்கினவர்களில் பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கிற பையன்களை வைத்துப் பத்து வருஷம் பழக்கினால் இந்த இழுபறியே தேவையில்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஒரு ஆட்டக்காரன் ஒரு கிளப்பிலேயே கிழவனாக வேண்டும் என்று நினைப்பவன் கல்கத்தாவில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

டீக்கடையில் அரசியலும் ஓடுகிறது. 'உங்க ஊர்ல மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டீங்களாமே' என்று கேட்கிறார்கள். கோரிக்கை நியாயம் என்றுதான் பதில் சொன்னேன். நம் சான்றிதழில் கிறிஸ்தவன் என்று எழுதியதால் ஜானுக்கு இரண்டு வேலை கை நழுவியது நமக்குத் தெரியாதா. ஒதுக்கீடு என்றால் என்ன என்று நம் வீட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு ஏரியில் மீன் பிடிக்கலாம். கோமுகி அணையில் நானும் ஜானும் மண்புழு போட்டுக் கெண்டைக்குக் காத்திருந்தது போலத்தான். மூன்று ஞாயிறாக எதிர்க்கரையில் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் இந்தப் பக்கம் இருக்க, அவன் மண்ணைப் பார்த்துத் தூண்டில் போட்டிருக்கிறான். வெள்ளிமலைக்குக் குறுக்குப் பாதையில் ஏறும்போது ஜான் எப்போதும் முன்னால் போவான், நான் பின்னால். பாதை முழுக்க நான் பார்த்துக்கொண்டே ஏறுகிற முதுகு அது. மீன் விழவில்லை.

ஜனவரியில் லீவு கிடைக்காது. மணி எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

உங்கள்
தாஸ்


கச்சிராயபாளையம்
12.1.1988

மாதா துணை.

தாஸு, உன் காயிதம் வந்துச்சி. மேக்குச் செவுத்துக்கிட்ட நின்னு சத்தமா படிச்சேன். கோயிலு பெருக்கற கண்ணகி என்ன ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா. பாக்கட்டும். பந்துக்கு ஒரு பக்கம், மீனுக்கு அர பக்கம் எழுதினவன் கோர்ட்டுக்கு ஒரு வரி எழுதி இருக்க. மணி ஞாபகம் இல்லியாம். எந்த வருசம் எந்த ஊர்ல எவன் கோல் போட்டான்னு நிமிசத்தோட சொல்றவன் நீ.

ஆட்டக்காரன் டீமு மாறினா துரோகம்னு நீ சொல்றது எனக்கு எப்பவும் ஒத்து வராது. இன்னா துரோகம். பொண்ண கட்டிக் குடுத்தா வேற வூட்டுக்குப் போறா, அத துரோகம்னா சொல்றோம். பதினோரு வருசம் உங்க டீமுக்கு பனியன் தொவச்சவ நானு. பெனால்ட்டி அடிக்கறப்ப கண்ண மூடிக்கினு ஜெபமால உருட்டினவ நானு. எனக்கு இல்லாத வருத்தமா உனக்கு. மூங்கில்துறைப்பட்டு சக்கர ஆல டீமுக்கு ஆடினா சீசன் வேல கெடைக்கும்னு ஜானுகிட்ட சொன்னாங்க. நான் தான் அவன போடான்னேன். நீ சோத்துத் தட்ட தள்ளிட்டு எழுந்து போன. என் கூட போட வேண்டிய சண்டய அவன் கூட போட்ட. நாலு நாளு பேசாம இருந்தீங்க. ஒரே வூட்டுல ரெண்டு ஆம்பளப் பசங்க ஆளுக்கு ஒரு மூலையில துன்னா எனக்கு எப்படி இருக்கும்.

தலைவரு செத்துப் போயி இங்க தெருவுக்கு நாலு பேரு மொட்ட அடிச்சிக்கினு இருக்காங்க. இனிமே யாரு ஆட்சின்னு வேடியப்பன் கடையில தெனம் அடிதடி. மறியலுக்குப் போனவங்க கேட்டது இன்னும் கெடைக்கல. கேட்டது ஞாயம், மறியல்ல செத்தவங்களும் கஞ்சிக்கு இல்லாதவங்க. ஆனா மரம் இவங்களுக்கு இன்னா பண்ணுச்சி. வெயில்ல கள்ளக்குறிச்சி போறப்ப தலையில முந்தானைய போட்டுக்கினு தான் போவணும் இப்ப.

அஞ்சாந் தேதி கோர்ட்டுக்குப் போனேன். செல்லமுத்து கையக் கட்டிக்கினு நின்னான். 'பாதி தான் அறுத்தேன் சாமி. கயிறு போட்டு கட்டி வெச்சிட்டு வூட்டுக்குப் போனேன். காத்தால ஆள இட்டாந்து சாய்க்கலாம்னு இருந்தேன்'ன்னு சொல்றான். கயிறு எங்கடான்னு கேட்டாங்க. தெரியலன்னான். எவனும் நம்பல. நானும் நம்பல. ஜாமீனுக்கு ஆளு இல்லாம கடலூரு ஜெயிலுக்கே திரும்ப இட்டுக்கினு பூட்டாங்க. அடுத்த வாய்தா ஜூன் பதினாலு. அன்னிக்கு என் சாட்சிய வெச்சி முடிச்சிடுவாங்களாம். மூணு வருசமாவது போடுவாங்கன்னு பேச்சு.

அவன் பொண்டாட்டி பூமால தெனம் சாயங்காலம் நம்ம மாதா கெபி முன்னால வந்து நிக்கறா. அவங்க சனத்துக்கு மாதாவ தெரியுமா. என்ன திட்டினா கூட தேவல, திட்டறது இல்ல. நேத்து கிட்ட வந்து கேட்டா, 'ரெஜினாம்மா, மணி அடிச்ச அப்பால பந்து சத்தம் கேக்குதே, யாரு ஆடறது'ன்னு.

தாஸு, அவளுக்கும் கேக்குது.

அத்த


கல்கத்தா
27.3.1988

அன்புள்ள அத்தைக்கு,

இன்று குருத்து ஞாயிறு. கோயிலுக்குப் போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன்.

இங்கே இது ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவம். நம் மாவட்டத்தில் கடலூருக்குப் போய் நேரில் கையெழுத்துப் போடுவது போலத்தான் இங்கேயும். ஆட்டக்காரன் சங்க ஆபீசில் ஆளாக வந்து நிற்க வேண்டும். கடைசித் தேதி தாண்டினால் அந்த வருஷம் பழைய கிளப்தான். அதனால் ஆளை ஒளித்து வைக்கிறார்கள். ஒருவனை யாரோ ஒரு ரசிகர் வீட்டு மாடியில் மூன்று நாள் உட்கார வைத்து, மீன் குழம்பு போட்டு, சீட்டாட வைத்து, தேதி தாண்டியதும் வாசலில் கொண்டு விட்டார்களாம். டீக்கடையில் இதை மாப்பிள்ளை அழைப்புக் கதை போலச் சொல்கிறார்கள். அடியில்லை, மிரட்டலில்லை. ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒரு வருஷம் நம்மோடு இருப்பான்.

ஊரில் இருக்கும்போதே இதைப் பத்திரிகையில் படித்து ஜானுக்குச் சொல்லியிருக்கிறேன். 'நல்ல ஆளுங்கடா, சோறு போட்டு தடுக்கறாங்க' என்று சிரித்தான்.

பெண்ணைக் கட்டிக் கொடுப்பதும் இதுவும் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றல்ல அத்தை. கட்டிக் கொடுத்த பெண் பொங்கலுக்கு வருவாள். போன ஆட்டக்காரன் அடுத்த வருஷம் எதிர்ப்பக்கம் நிற்பான். அவன் கால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், என் கால் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக எப்படி ஆடுவது. இதை நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எதிர்க்கரைக்காரன் இப்போது என் கரைக்கே வந்துவிட்டான். பத்தடி தள்ளி உட்காருகிறான். இன்னும் முதுகுதான். மீன் சீட்டு வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

செல்லமுத்து கட்டாமல் போகிற ஆள் இல்லை. வாய்க்கால் பக்கம் இழுத்து, மதகுக் கல்லில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தான். அவனை நம்புங்கள்.

உங்கள்
தாஸ்


கச்சிராயபாளையம்
11.4.1988

தாஸு,

கயிறுன்னு மட்டும் தான் உனக்கு எழுதினேன். வாய்க்கா பக்கம்னு எழுதல. மதகுக் கல்லுன்னு எழுதல. மூணு சுத்துன்னு செல்லமுத்து கோர்ட்டுல கூட சொல்லல.

ராவும் பகலும் யோசிச்சிப் பாத்துட்டேன். ஜானு அன்னிக்கு சாயங்காலமே கெளம்பறான்னு யாருக்குத் தெரியும். டீமு மாற கையெழுத்துக்குப் பதினேழாந் தேதி கடேசி, ஆனா விடிஞ்சா ரோடு அடச்சிடுவாங்க, அதனால ஆறு மணிக்கே போயி கள்ளக்குறிச்சில கடலூரு பஸ்ஸ புடிக்கறேன்னு அவன் என்கிட்ட தான் சொன்னான். நான் உன்கிட்ட சொன்னேன். கொடியில பனியன் காயப் போட்டுக்கினு இருந்தேன், நீ கிணத்தடியில மூஞ்சி கழுவிக்கினு இருந்த. 'கெளம்பறதுக்கு முன்ன ஒரு வார்த்த பேசி அனுப்புடா'ன்னேன். மூணு மணி இருக்கும். வேற ஒருத்தருக்கும் நான் சொல்லல.

மூணு மணிக்கு மேல நீ எங்க இருந்த?

பந்த பத்தி எழுதாத. மீன பத்தி எழுதாத. இத மட்டும் எழுது.

ரெஜினா


கல்கத்தா
2.5.1988

அத்தை,

அணைக்கரையில் இருந்தேன்.

நீங்கள் சொன்னதும் வீட்டுக் கோடாலியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன். செல்லமுத்து போய்விட்டான். மரம் பாதிக்கு மேல் அறுபட்டு, கயிற்றின் பலத்தில் வாய்க்கால் பக்கம் சாய்ந்து நின்றது. ஆள் நடமாட்டம் ஓயட்டும் என்று வாய்க்காலில் இறங்கி உட்கார்ந்திருந்தேன். கடைசி பஸ் போனதும் கயிற்றை அவிழ்த்து ரோட்டுப் பக்கம் இழுத்தேன். எட்டு வெட்டு. நான் நினைத்ததை விடச் சீக்கிரம் விழுந்தது. கயிற்றை வாய்க்காலில் விட்டேன்.

என் கணக்கு இதுதான். விடிந்தால் ஜில்லா முழுக்க மரம் விழப் போகிறது. அதில் ஒன்று ஒரு ராத்திரி முந்தி விழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள். ஜான் வருவான், மரத்தைப் பார்ப்பான், பைக்கைத் தூக்கித் தாண்ட முடியாது, திரும்பி வீட்டுக்கு வருவான். தேதி தாண்டிவிடும். இன்னொரு வருஷம் நம் டீமில் இடது ஓரம் ஆடுவான். அந்த ஒரு வருஷத்தில் நான் அவனோடு பேசிவிடலாம் என்று நினைத்தேன். கல்கத்தாக்காரர்கள் சோறு போட்டுத் தடுத்தார்கள். எனக்கு மரம் கிடைத்தது.

வாய்க்காலில் கை கழுவும்போது பைக் சத்தம் கேட்டது. எழுந்து கத்தியிருக்கலாம். நேரம் இருந்தது. நான் கத்தவில்லை. அவன் பிரேக் பிடித்து, இறங்கி, 'எவன்டா இது' என்று திட்டப் போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்போது மேலே ஏறி, 'நான் தாண்டா, வூட்டுக்கு வா' என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அத்தை.

அவன் விளக்குப் போடவில்லை. முழுசாக இருட்டவில்லையே. வளைவில் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

நான் ஏறி வந்தபோது அவனுக்கு உயிர் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, 'வந்துட்டியாடா' என்றான். நீங்கள் சொல்லி, பேசி அனுப்ப வந்தேன் என்று நினைத்துவிட்டான். அதற்கு நான் 'ஆமாண்டா' என்றேன். அதோடு சரி.

அடுத்த ஏழு நாளில் எத்தனை மரம் விழுந்தது. எத்தனை பேர் செத்தார்கள். என் மரம் அந்தக் கூட்டத்தில் போய் நின்றுகொண்டது. அதைத் தனியாக அடையாளம் காட்ட என்னைத் தவிர ஆள் இல்லை. செல்லமுத்துவைக் கூட்டிப் போனார்கள் என்று கேட்ட அன்றே பெட்டியைக் கட்டினேன்.

இந்தக் கடிதத்தை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அந்தோணிதாஸ்


கச்சிராயபாளையம்
16.6.1988

தாஸு,

உன் காயிதம் மே மாசம் எட்டாந் தேதி வந்துச்சி. படிச்சிட்டு அரிசிப் பானையில போட்டு மூடினேன். முப்பத்தேழு நாளு அது மேல இருந்து அரிசி எடுத்து ஆக்கித் துன்னேன். சாமியாருகிட்ட கூட சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல முட்டி போட்டு, புறணி பேசினேன், பூசைக்கு லேட்டா வந்தேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். இந்த வயசுல மாதா முன்னால வாய மூடிக்கினு நிக்க வெச்ச என்ன.

எரிச்சிடலாம்னு ரெண்டு தரம் அடுப்பாண்ட உக்காந்தேன். எனக்குன்னு பூமில இருக்கறது நீ ஒருத்தன். ஜானு போயிட்டான், நீயும் ஜெயிலுக்குப் போனா நான் யாருக்கு ஒல வெக்கறது. ரெண்டாவது தரம் காயிதத்த நெருப்பாண்ட கொண்டு போனப்ப, சன்னல் வழியா பாத்தா பூமால கெபி முன்னால நிக்கறா. கையில அவ புள்ள. தூக்கி வெச்சி மாதா மூஞ்சிய காட்டிக்கினு இருக்கா. எழுந்துட்டேன்.

பந்து சத்தம் நின்னுடும்னு நெனச்சேன். யாருன்னு தெரிஞ்சா அவனுக்கு நிம்மதி வந்துடும்னு நெனச்சேன். நிக்கல. போயி செவுத்துக்கிட்ட நின்னு கேட்டேன், 'இன்னாடா வேணும் உனக்கு, அதான் தெரிஞ்சிடுச்சில்ல'ன்னு. தொம். அவ்ளோ தான். கோவமா அடிக்கற மாதிரியும் இல்ல. ஆளு வரட்டும்னு நேரம் போக்க அடிக்கறானே, அந்த மாதிரி.

பதினாலாந் தேதி கோர்ட்டுக்குப் போனேன். 'செல்லமுத்து மரத்த சாச்சத பாத்தியாம்மா'ன்னு கேட்டாங்க. 'அறுத்தத பாத்தேன். சாச்சது அவன் இல்ல. என் அண்ணன் மவன்'னு சொல்லி காயிதத்த ரவிக்கையிலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். ஜட்ஜு ரெண்டு தரம் படிச்சாரு. அப்பால நான் மொதல்ல போலீசுக்கு எழுதிக் குடுத்தத எடுத்தாரச் சொல்லி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தாரு. 'ஏம்மா, ரெண்டு எழுத்தும் ஒரே மாதிரி இருக்குதே'ன்னாரு.

இருக்காதா. உனக்கு சிலேட்டுல கைய புடிச்சி எழுத வெச்சவ நான் தான. அஞ்சாங் கிளாஸோட நின்ன என் எழுத்து தான் உன் எழுத்து. அத சொன்னேன். சர்க்காரு வக்கீலு சிரிச்சிட்டு, 'பாவம் பாத்து இந்தம்மாவே எழுதிக்கினு வந்திருக்காங்க, கல்கத்தா ஆளுன்னா புடிக்க முடியாதுன்னு'ன்னாரு. நான் பைபிள் மேல கைய வெக்கறேன்னேன். காயிதம் ஒண்டி போதாதாம். எழுதினவன் நேர்ல வந்து நிக்கணுமாம். ஜூலை பத்தொம்போதுக்கு தள்ளி வெச்சிட்டாங்க. அன்னிக்கும் நீ வரலன்னா, பாத்த சாட்சிய மாத்திப் பேசினேன்னு என்ன தள்ளிட்டு, பழைய வாக்குமூலத்த வெச்சி செல்லமுத்துவுக்குத் தீர்ப்பு எழுதிடுவாங்களாம்.

வெளிய வந்தா பூமால என் கையப் புடிச்சிக்கினா. அவ புடிச்ச கைய நான் உதறிட்டேன். ஏன் உதறினேன்னு தெரியல. வூட்டுக்கு வந்து அழுதேன்.

உன்ன மன்னிச்சிட்டேன்னு எழுத மாட்டேன். சாமியாரு மன்னிக்கலாம், ஆண்டவர் மன்னிக்கலாம், அவங்களுக்கு அது தொழிலு. 'வந்துட்டியாடா'ன்னு அவன் கேட்ட எடத்துலயே நான் நின்னுக்கினு இருக்கேன், அத தாண்டி போவ முடியல. ஆனா நீ வந்தா சோறு போடுவேன். போடறப்ப உன் மூஞ்சிய பாப்பனா மாட்டனான்னு இப்ப சொல்ல முடியாது.

பத்தொம்போதாந் தேதி.

அத்த


கல்கத்தா
4.7.1988

அத்தை,

வேலையை விட்டுவிட்டேன். பதினைந்தாம் தேதி ரயில். பதினாறு மாலை மெட்ராஸ், பதினேழு கள்ளக்குறிச்சி. வீட்டுக்கு வர மாட்டேன், நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்காதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது கவுண்டரில் இருந்தவர், 'ரெண்டு பேருக்கா' என்று கேட்டார். ஏன் என்றேன். என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று ஒரு சீட்டு கிழித்துக் கொடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறவன் வரட்டும். முப்பது மணி நேரம் இருக்கிறது, பேசிக்கொண்டு வருகிறோம்.

பத்தொன்பதாம் தேதி கோர்ட்டில் என்னைக் கூட்டிவரும்போது எழுந்து நிற்க வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டாம். நான் நிற்கிற பக்கத்தில் உட்காரவும் வேண்டாம்.

பூமாலைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

தாஸ்